நூற்றுக்கு ஆறு குறைவான சாக்ஸபோன்

ஒரு மனிதர் தம் எழுபத்து நான்காம் வயதில், தாம் ஒரு மேதை என்பதைத் தபாலில் தெரிந்துகொண்டார்.

அட்டைப் பெட்டிக்குள் ஒரு இசைத்தட்டு. உறையின்மேல் சுருட்டை முடி வாலிபன் ஒருவன் சாக்ஸபோனைக் கடித்துத் தின்றுவிடுவதுபோல நிற்கிறான். அவர்தான். முடி மட்டும் இப்போது இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது, கோபம் உட்பட. தலைப்பு: ‘மறக்கப்பட்ட மின்னல் – ஆரம்பகாலப் பதிவுகள்’.

முதல் கோபம் முதல் சொல்லிலேயே வந்துவிட்டது.

“மறக்கப்பட்டவனாம்! யார்டி மறந்தது? அம்பது வருஷமா இதே வீடு, இதே கதவு. ஒருத்தன் வந்து தட்டிப் பாத்திருக்கலாம்ல?”

மனைவி தலையை நிமிர்த்தாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “தட்டினாங்களே. பேப்பர்காரர் தட்டினார், குழாய் ரிப்பேர் பண்றவர் தட்டினார். எல்லார் மேலயும் நீங்கதான் வள்ளுனு விழுந்தீங்க.”

தெருவில் அவருக்கு ‘முத்திரை’ என்று பெயர். பெயர் சும்மா வரவில்லை. எடை அளவுத் துறையில் முப்பத்தோரு ஆண்டுகள் சோதகராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பார். சரியாயிருந்தால் முத்திரை குத்துவார், இல்லாவிட்டால் பறிமுதல். அவர் வழுக்கை தெருமுனையில் மின்னியதும் கடைக்காரர்கள் தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்ட ஆரம்பித்துவிடுவார்கள். சொந்தச் சித்தப்பாவின் அரிசிக்கடைத் தராசையே தூக்கிக்கொண்டு வந்தவர் என்றால் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பா சாகும்வரை பேசவில்லை. செத்தபிறகும் பேசவில்லை என்று முத்திரையே சொல்லிச் சிரிப்பார். வருடத்துக்கு ஒருமுறை அவர் சிரிப்பது அதற்குத்தான்.

உறையின் பின்பக்கத்தில், இந்தப் பதிவுகளைத் தேடிக் கண்டுபிடித்த தொகுப்பாளர் ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதியிருந்தார். ‘புகழின் வாசலில் நின்றபோதே அனைத்தையும் உதறிவிட்டு, இருளுக்குள் நடந்து மறைந்த துறவி’ என்று அதில் கண்டிருந்தது. வரலாறு என்பது தூரத்திலிருந்து பார்ப்பவர்களால் எழுதப்படுவது. கிட்டே இருந்தவர்களிடம் கேட்டால் கெட்டுப்போகும். நடந்தது இவ்வளவுதான். வானொலி நிலையத்தில் வாரம் ஒருமுறை பதினைந்து நிமிட ஜாஸ் நிகழ்ச்சி இருந்தது. பியானோ, பாஸ், டிரம்ஸ், இவர். அடுத்து செய்தி. செய்திக்காக ரேடியோவைக் கொஞ்சம் முன்கூட்டியே போட்டவர்கள்தான் அவருடைய ரசிகர்கள். நாலு வருடம் ஓடியது. பிறகு நிலைய அதிகாரி மாறினார், புது அதிகாரிக்குக் காது சரியாகக் கேட்டது, நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார். அதே மாதம் அரசுத் தேர்வு முடிவு வந்தது. இருள் என்று தொகுப்பாளர் குறிப்பிட்டது எடை அளவு அலுவலகத்தின் இரண்டாம் மாடியை. அங்கே எட்டு டியூப்லைட்டுகள் உண்டு.

துறவி என்பதும் பொய். சாக்ஸபோனை அவர் விடவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் துணி அலமாரியைத் திறந்துவைத்து, தொங்கும் சட்டைகளுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு ஊதுவார். சத்தத்தைத் துணி குடித்துவிடும், அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லை. இரண்டு சேலைகளுக்கும் ஒரு கோட்டுக்கும் நடுவே ஐம்பது வருட ஜாஸ் அடங்கிக் கிடந்தது.

“சரி, போட்டுத்தான் கேளுங்களேன்” என்றார் மனைவி.

கேட்டார். முதல் பாட்டு ஆரம்பித்து ஒரு நிமிடம் ஆவதற்குள் அவர் முகம் தராசு முள்ளைப் பார்க்கும் முகமாக மாறியது.

“நல்லா இருக்கே! என்னா சுறுசுறுப்பு!” என்றார் மனைவி.

“இது நான் இல்ல.”

“நீங்கதான் போட்டோல இருக்கீங்க.”

“போட்டோ நான். சத்தம் நான் இல்ல. எவனோ என் மூக்கப் பிடிச்சு இழுத்துக்கிட்டு முன்னால ஓடுறான்.”

சாக்ஸபோனை எடுத்தார். ஐம்பது வருடமாகத் தினசரி மனசுக்குள் ஓடும் அதே பாட்டைத் தட்டோடு சேர்ந்து ஊதிப் பார்த்தார். சேரவில்லை. தட்டு அரைச் சுரம் மேலே நின்றது. வேகமும் கூட. வண்டியைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி அவர் பின்னாலேயே ஓடினார். தட்டிலிருந்தவன் ஏறிப் போய்விட்டான்.

முதல் பதிப்பின் சம்மதக் கடிதத்தில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம். கண்புரை அறுவை முடிந்து கட்டோடு படுத்திருந்த வாரம் அது. மனைவி விரலை வைத்த இடத்தில் போட்டார். முப்பத்தோரு வருடம் எதையும் சோதிக்காமல் முத்திரை குத்தாதவர், தன்னுடைய சரக்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு குத்திவிட்டார். இந்தக் கோபம் எல்லாவற்றையும்விடப் பெரியது. அதை யாரிடமும் காட்ட முடியாது என்பதால் மற்றவர்கள்மேல் காட்டினார்.

மனைவியின் தம்பி, அதாவது மச்சான், அந்த வானொலி நிலையத்தில் பத்தொன்பது வருடம் அறிவிப்பாளராக இருந்தவர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல. பல்லே இல்லாத இந்த வயதிலும் கடையில் தீப்பெட்டி கேட்டால் அரசு அறிவிப்புபோல இருக்கும். அவர் வந்து தட்டைக் கேட்டார். கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அத்தான், நம்ம மெஷின மறந்துட்டீங்களா?”

“என்ன மெஷினு?”

“ஸ்டூடியோல ஒரே ஒரு டேப் மெஷின்தானே. அதோட ரப்பர் பெல்ட்டு இழுத்துப்போய், ஓடுறப்பவே தூங்கும். மெதுவா ஓடுற மெஷின்ல பதிஞ்சோம். திரும்ப அதே மெஷின்ல போட்டோம். கோணக் காலுக்குக் கோணச் செருப்பு. கரெக்டா இருந்திச்சு.”

“பெல்ட்ட மாத்த வேண்டியதுதானே?”

“எஞ்சினியர் ஆறு வருஷம் எழுதிப்போட்டார். ஏழாவது வருஷம் புது பெல்ட்டு வந்திச்சு. வந்தத எடுத்து டிராயர்ல வச்சுப் பூட்டிட்டார். மாத்தினா பழைய டேப்பு அத்தனையும் கீச்சுக் கீச்சுனு ஓடும்ல? கடைசில மெஷின எடைக்குப் போட்டாங்க. டேப்ப மட்டும் பத்திரமா வச்சாங்க.”

அப்படித்தான் நடந்தது. உலகத்திலேயே ஒரே ஒரு நோஞ்சான் இயந்திரத்தில் மட்டும் சரியாகப் பேசக்கூடிய நாடாக்கள், அந்த இயந்திரம் செத்தபிறகு, தொகுப்பாளரின் கையில் கிடைத்தன. அவர் என்ன செய்தார்? உலகத்திலேயே மிகத் துல்லியமான இயந்திரத்தை வரவழைத்து அதில் ஓடவிட்டார். துல்லியமாகத் தப்பு நடந்தது.

முத்திரை தொகுப்பாளருக்குப் போன் போட்டார். ‘பேசுவோம் சார், பேசுவோம்’ என்றார் அவர். பேசவில்லை. பத்திரிகைகள் பேசின. ‘மனித நுரையீரலுக்கு எட்டாத வேகம்’ என்றது ஒன்று. ‘விண்ணுக்கும் மண்ணுக்கும் நடுவே தொங்கும் தொனி’ என்றது இன்னொன்று. “தொங்குதாம்ல! அரைச் சுரம் தொங்குது! தூக்குல போட்டிருக்கான், தொங்காம என்ன செய்யும்?” என்று முத்திரை பேப்பரை மடித்து ஈயை அடித்தார். ஈக்கு அடி படவில்லை. அதற்கும் கோபம்.

இசைக் கல்லூரி ஒன்று பாராட்டு விழா வைத்தது. அங்கே நாலு மாணவர்கள் மேடையேறி ‘ஐயா பாணியில்’ வாசித்தார்கள். தட்டைக் கேட்டுக் கேட்டுப் படித்த பிள்ளைகள். அரைச் சுரம் உயர்த்தி, நூற்றுக்கு ஆறு கூடுதல் வேகத்தில், விரல் நரம்பு தெறிக்க வாசித்தார்கள். யாராலும் முடியாததை அந்தப் பிள்ளைகள் முடித்துவிட்டார்கள். அவராலும் முடியாதது அது. பிறகு இவரை ஏற்றினார்கள். அதே பாட்டை அது பிறந்த சுரத்தில், அது நடந்த நடையில் ஊதினார். முடித்ததும் ஒரு மரியாதையான கைதட்டல் வந்தது. தடுக்கி விழப்போனவர் விழாமல் நின்றால் தட்டுவோமே, அந்த மாதிரி.

கல்லூரி முதல்வர் மைக்கைப் பிடித்தார். “இந்த வயசுல இவ்வளவு ஊதுறதே பெரிய விஷயம். வேகம் கொஞ்சம் குறைஞ்சிருக்கலாம். உணர்வு குறையல.”

“வேகம் குறையலய்யா! அப்பவும் இதே வேகந்தான்!” என்றார் முத்திரை.

அவையில் எல்லோரும் கண் கலங்கினார்கள். பாவம், மனசு இன்னும் இளமையாகவே இருக்கிறது என்று முன்வரிசை அம்மாள் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அவர் காதில் தெளிவாக விழுந்தது.

அந்த மாத இறுதியில் தொகுப்பாளரே வீட்டுக்கு வந்தார். நாற்பது வயது, வட்டக் கண்ணாடி, தோளில் மடிக்கணினிப் பை, கையில் ஒரு கூடைப் பழம். முதல் பதிப்பின் ஐந்நூறு பிரதியும் விற்றுப்போய்விட்டது. இரண்டாம் பதிப்புக்குப் புதிதாக ஒரு சம்மதக் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும்.

அன்றைக்கு மச்சானும் வந்திருந்தார். மனைவி எல்லோருக்கும் காப்பி கொடுத்தார். முத்திரை கொடுக்கப்போவது என்ன என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

“கையெழுத்துப் போட முடியாது. மொதல்ல வேகத்தச் சரி பண்ணுங்க.”

“சார், அது வந்து... கலைல சரி தப்புனு ஒண்ணு கிடையாது சார்.”

“தராசுல உண்டு.”

“உலகமே இந்த வேகத்துக்குத்தான் கை தட்டுது சார். இத மாத்தினா உங்க ரசிகர்களுக்குத் துரோகம்.”

“எனக்கா ரசிகருங்க? அந்த மெஷினுக்கு ரசிகருங்க. அதுக்குப் போய் மாலை போடுங்க. எந்தக் காயலான் கடைல கெடக்குனு மச்சான் சொல்வாரு.”

மச்சான் தலையாட்டினார்.

தொகுப்பாளர் குரலைத் தாழ்த்தினார். “உண்மையச் சொல்லிடறேன் சார். பியானோ அரைச் சுரம் மேல இருக்குனு எங்க சவுண்டு எஞ்சினியரும் சொன்னார். நாந்தான் யோசிச்சேன். பியானோவையே நீங்க வேணும்னு ஏத்திக் கட்ட வச்சிருப்பீங்கனு தோணிச்சு. அதப் பத்தி உறைல ரெண்டு பக்கம் எழுதிட்டேன்.”

எழுதியிருந்தார். ‘நிலைபெற்ற சுருதிக்கு எதிரான கலகம்’ என்று தலைப்பு. முத்திரை அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தவர்தான். படித்துவிட்டு மனைவியிடம் கேட்டிருந்தார்: “நான் எப்படி கலகம் பண்ணேன்?” “நீங்க தினமும் பண்றதுதானே” என்றிருந்தார் மனைவி.

“ரெண்டு பக்கம் எழுதிட்டீங்க. அதனால நான் ஆயுசு பூரா கீச்சுக் கீச்சுனு கத்தணும். அப்படித்தானே?”

“ஆதாரம் வேணும் சார். உங்க ஞாபகத்த நம்பி ஒரு வரலாற்று ஆவணத்துல கை வைக்க முடியாது.”

ஆதாரம் என்ற சொல்லைச் சொல்லியிருக்கக்கூடாது. முப்பத்தோரு வருடம் கடைக்காரர்கள் எல்லோரும் இவரிடம் சொன்ன அதே சொல். முத்திரை எழுந்து உள்ளே போனார். பழைய நிறுத்துக் கடிகாரத்தோடு வந்தார்.

“பெட்டியத் தொறங்க. முழு டேப்பு இருக்குல்ல? நீங்க வெட்டி எறிஞ்ச அறிவிப்போட?”

இருந்தது. எந்த நிகழ்ச்சியையும் தேர்ந்தெடுக்கலாம் என்றார் முத்திரை. தொகுப்பாளர் ஒன்றைத் தொட்டார்.

“மச்சான், நிகழ்ச்சி எவ்ளோ நேரம்?”

“பதினஞ்சு நிமிஷம். வணக்கத்துலேர்ந்து வணக்கம் வரைக்கும். அடுத்து செய்தி. பத்தொம்பது வருஷத்துல ஒரு செகண்டு முன்னப்பின்ன விட்டதில்ல. விட்டா மெமோ.”

கடிகாரம் ஓடத் தொடங்கியது. கணினியிலிருந்து அறிவிப்பு கிளம்பியது: ‘நேயர்களுக்கு வணக்கம்.’ பீப்பாய்க் குரல் எங்கே? பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வரவேற்புரை படிக்கும் சிறுமி ஒருத்தி அவசர அவசரமாகப் பேசினாள்.

மச்சான் காப்பியைக் கீழே வைத்தார். மனைவி நிமிர்ந்தார்.

“யார் அது?”

“நான்தான்க்கா” என்றார் மச்சான், சின்னக் குரலில்.

“நீயா?”

சாக்ஸபோன் அரைச் சுரம் ஏறியதைக் கணவரின் தினசரிப் புலம்பலில் ஒன்றாகத்தான் அவர் இதுவரை எடுத்துக்கொண்டிருந்தார். தம்பி குரல் வேறு விஷயம். அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஊர் கடிகாரத்தைத் திருப்பி வைத்தது. அந்தக் குரலை நம்பித்தான் அவனுக்குப் பெண் கொடுத்தார்கள்; ஆளைப் பார்த்திருந்தால் யோசித்திருப்பார்கள்.

“இதையா ஊரெல்லாம் போட்டுக் காட்டப்போறீங்க?”

“இல்லம்மா, அறிவிப்ப எடுத்துட்டோம். ரசனைக்கு இடைஞ்சலா...”

“என்னது?” என்றார் மனைவி.

நிகழ்ச்சி முடியும்வரை நாலு பேரும் ஒரு கணினியைச் சுற்றி, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சிறுமி வந்து மறுபடி வணக்கம் சொன்னாள். முத்திரை பொத்தானை அழுத்தினார். கடிகாரத்தைத் தொகுப்பாளரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“படிங்க.”

“பதினாலு நிமிஷம்... ஒம்பது செகண்டு.”

“அம்பத்தோரு செகண்டு எங்க? யார் தின்னா? ஒரு தட்டுக்கு அம்பது நிமிஷச் சரக்கு. நாப்பத்தேழுதான் இருக்கு. நூத்துக்கு ஆறு கொறையுது. ரெண்டு கொறைஞ்சதுக்கே எங்க சித்தப்பா தராசத் தூக்கிட்டு வந்தவன்யா நான்!”

“சார், ஒரு யோசனை. இதையும் வச்சுக்குவோம். கூடவே மெதுவாக்கின வடிவம்னு ரெண்டு பாட்டு பின்னால சேத்துடலாம். ‘கலைஞரின் விருப்பப்படி’னு போட்டு...”

“மெதுவாக்கினதா? என் நடைக்குப் பேரு மெதுவாக்கினதா?” முத்திரையின் கழுத்து நரம்பு சாக்ஸபோன் வார்போல எழுந்து நின்றது. “நான் நடந்தேன்யா. நீங்க கழுத்தப் பிடிச்சுத் தள்ளிட்டு, ஓட்டக்காரன்னு மெடல் குத்துறீங்க. கேக்கறவங்களுக்குப் பிடிச்சிருக்குனா, போய் வேற பேர்ல வித்துக்குங்க. என் பேர்ல நான்தான் ஊதணும்!”

தொகுப்பாளர் முத்திரையின் மனைவியைப் பார்த்தார். அக்கா தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி கணினியை இன்னும் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்திரை சம்மதப் படிவத்தை இழுத்தார். கையெழுத்துக்கான கோட்டின்மேல் கையெழுத்து விழவில்லை. பழைய பழக்கத்தில், சாய்வில்லாத அரசாங்க எழுத்தில் இப்படி எழுதினார்: ‘சோதிக்கப்பட்டது. அளவில் குறை. திருத்தி மறு சோதனைக்குக் கொண்டுவரவும். அதுவரை விற்பனைக்குத் தடை.’ தேதி போட்டார். “பழக்கூடைய எடுத்துட்டுப் போங்க. எடை பாக்காம எதையும் வாங்கி எனக்குப் பழக்கமில்ல.”

வெள்ளிக்கிழமை அச்சு நடக்கவில்லை. கையெழுத்தில்லாமல் பதிப்பில்லை என்று நிறுவனத்தின் வக்கீல் சொன்னபிறகு, தொகுப்பாளரின் கலைக்கொள்கையில் மளமளவென்று மாற்றம் உண்டானது. மூன்று மாதம் கழித்து இரண்டாம் பதிப்பு வந்தது. சரியான சுரம், சரியான நடை, ஐம்பது நிமிடம், மச்சானின் வணக்கம் இரண்டு பக்கமும் பீப்பாய்போல முழுசாக. உறையில் கட்டுரையும் இருந்தது. தலைப்பு மட்டும் மாறியிருந்தது: ‘வேகத்துக்கு எதிரான கலகம்’.

பத்திரிகைகள் துக்கம் அனுசரித்தன. ‘மின்னலை மெழுகுவர்த்தி ஆக்கிவிட்டார்கள்’ என்று எழுதியது ஒன்று. முதல் பதிப்பை வைத்திருந்தவர்கள் அதைப் பீரோவில் பூட்டி வைத்தார்கள். இசைக் கல்லூரியிலிருந்து ஒரு மாணவன் மட்டும் கடிதம் எழுதினான்: ‘ஐயா, இப்பொழுது எங்களுக்குக் கை வலி இல்லை.’

ஒரு பகல்பொழுது முத்திரை புதுத் தட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். முதல் பாட்டு அவருடையது. இரண்டாவதும் அவருடையது. கண்ணை மூடிக் கேட்டார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் பதினோரு நிமிடமாகச் சண்டை இல்லையே என்று சற்றுக் கவலைப்பட்டார்.

மூன்றாவது பாட்டில் அவர் கண் திறந்தது. எழுந்து உட்கார்ந்தார்.

“டேய், டேய்... எங்கடா போற?”

“யாரத் திட்டுறீங்க?”

“இந்தப் பயலத்தான். டிரம்ஸ்காரர் பாட்டுக்குச் சிவனேன்னு வந்துக்கிட்டிருக்காரு. இவன் அவர விட்டுட்டு முன்னால ஓடுறான். மூச்சு எடுக்க வேண்டிய எடத்துல எடுக்காம, பின்னால தெணர்றான் பாரு. கேக்குதா? அந்தக் கடைசிச் சுரம், நாலு எண்ணிக்கை நிக்கணும். ரெண்டுல விட்டுட்டு ஓடிட்டான், நாய் தொரத்தின மாதிரி!”

மின்னல் வேகத்தில் கேட்டபோது இதெல்லாம் தெரியவில்லை. எல்லாமே ஓடும்போது ஒருவன் மட்டும் ஓடுவது எப்படித் தெரியும்? இப்போது மணி மணியாகத் தெரிந்தது. இருபத்து நாலு வயதுத் திமிர் அத்தனையும், அடுத்து செய்தி வந்துவிடுமே என்ற பயத்தோடு சேர்ந்து, சரியான சுரத்தில், அப்படியே இருந்தது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “அதுக்கென்ன இப்போ? அந்தக் கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டா, அந்த எடத்தத் திருத்திக் குடுத்துடப் போறார். கம்ப்யூட்டர்ல முடியுமாம்ல.”

“கைய வச்சான்னா ஒடிச்சிருவேன்!” என்றார் முத்திரை. “இது என் தப்பு. நானே பண்ணது.”

சொல்லிவிட்டு முள்ளைத் தூக்கி, மூன்றாவது பாட்டின் ஆரம்பத்தில் திரும்ப வைத்தார். பாட்டு பாதி வருவதற்குள் மறுபடியும் திட்ட ஆரம்பித்தார்.